காந்தி ரோடு கவுண்டரில் முதல் மாதம்: லாட்ஜ் ரிசப்ஷனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலூரில் லாட்ஜ் ரிசப்ஷன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "உங்க வீட்ல யாரையாவது ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வராந்தாவுல படுத்திருக்கியா?" குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு என்று சுற்றுவட்டத்திலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேராவது ஆமாம் என்பார்கள். அன்று ராத்திரி எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று அடுத்துக் கேட்பேன். கொசு, பசி என்று சொல்வார்கள் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். ஒரு பெண் சொன்ன பதில் வேறு: "எவ்ளோ நேரம் ஆகும், எவ்ளோ பணம் ஆகும்னு ஒருத்தரும் சொல்லல சார். அதான்."

அந்தப் பெண்ணுக்கு நான் தனியாக எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். லாட்ஜை வைத்து எழுதினாலும் மருந்துக்கடை, மெஸ், டிராவல்ஸ் என்று இந்தத் தெருவில் எந்தக் கவுண்டரில் நின்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

வருகிறவர் யார்

அமெரிக்க மிஷனரி ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அதை நம்பித்தான் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, அதைச் சுற்றியுள்ள சந்துகளில் இத்தனை லாட்ஜ்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, அப்புறம் வங்கதேசம். சித்தூர், பலமனேர் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். நம்முடைய திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி ஆட்கள். கோட்டை பார்க்கவும் ஸ்ரீபுரம் பொற்கோயில் பார்க்கவும் வருகிறவர்களும் உண்டுதான். ஆனால் உங்கள் முன்னால் நிற்கிற பத்துப் பேரில் பலர் கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும்.

ஓட்டல் படிப்பில் "சிரித்த முகம்" என்று சொல்லித்தருவார்கள். இங்கே அதைக் கொஞ்சம் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். கீமோ வார்டிலிருந்து நேராக வருகிறவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தால் எரிச்சல்தான் வரும். முகம் கடுகடுவென்று இல்லாமல் இருந்தால் போதும். சிரிப்பில் மிச்சப்படுத்தியதைத் தகவலில் செலவழியுங்கள். வாடகை எவ்வளவு, எத்தனை மணிவரை, லிப்ட் உண்டா, தண்ணீர் எப்போது நிற்கும்: அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது.

முதல் படி: போன்

போனை எடுத்ததும் "ஹலோ யாரு" என்று கேட்காதீர்கள். லாட்ஜ் பெயர், உங்கள் பெயர், அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர் ரயிலில் இருக்கலாம். லைன் எப்போது வேண்டுமானாலும் போகும். அதனால் முதலிலேயே அவர் நம்பரையும், எத்தனை பேர், எந்த நாள், எந்த ரயில் என்பதையும் குறித்துவிடுங்கள். லைன் அறுந்தால் நீங்கள்தான் திரும்பக் கூப்பிட வேண்டும்.

கவுகாத்தி, ஹவுரா பக்கமிருந்து பெங்களூரு போகிற ரயில்கள் காட்பாடியில் நிற்கும். கவுகாத்தியிலிருந்து வருகிறவர் இரண்டு இரவு ரயிலில் கழித்திருப்பார். நள்ளிரவு தாண்டி வருவதாகச் சொன்னால் "வாங்க பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். அறை இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டில் ஒன்று. இல்லை என்றால் எந்தத் தெருவில் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த லாட்ஜுக்கு அனுப்பினால் நமக்கு நஷ்டம் என்று நினைக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். அப்படி நான் அனுப்பிவைத்த குடும்பங்கள் அடுத்த முறை காட்பாடியில் இறங்கும் முன்பே எனக்குப் போன் போட்டிருக்கின்றன.

வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களிடம் நேரம் பேசும்போது ஒரு விஷயம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முன்னால். வந்த முதல் இரண்டு நாள் சிலர் கைக்கடிகாரத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். "காலை ஆறு மணிக்கு எழுப்புங்கள்" என்றால் யாருடைய ஆறு மணி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: வாசலில் ஐந்து நிமிடம்

ஆட்டோ வந்து நின்றதும் ரூம் பாய் பெட்டியைப் பிடுங்கக் கூடாது. முதலில் நோயாளியை உட்கார வையுங்கள். நாற்காலி, மின்விசிறி, தண்ணீர். மே மாத வேலூர் வெயிலில் இதற்கு மேல் உபசாரம் தேவையில்லை. பேச்சு அப்புறம்.

மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். பத்துச் சொல் போதும். வங்காளத்துக்காரரை "தாதா", பெண்களை "தீதி" என்று கூப்பிடலாம். வங்கதேசத்து முஸ்லிம் குடும்பம் என்றால் "பாய்", "ஆபா". "ஆஷுன்" என்றால் வாருங்கள், "போஷுன்" என்றால் உட்காருங்கள். கொல்கத்தாக்காரர் "ஜொல்" கேட்பார், டாக்காக்காரர் "பானி" கேட்பார், இரண்டும் தண்ணீர்தான். தெலுங்குக்காரருக்கு "ரண்டி, கூர்சோண்டி". இதையெல்லாம் சுத்தமாக உச்சரிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தப்பாகச் சொன்னால் அவர்களே திருத்துவார்கள், அந்தச் சிரிப்பில் பேச்சும் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில்லை: "கவலைப்படாதீர்கள்." எந்த மொழியிலும் வேண்டாம். அவர் கவலை நம் கையில் இல்லை. வெந்நீர் காலை ஐந்து மணிக்கு வரும் என்பது நம் கையில் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

ஆட்டோக்காரர் விஷயத்துக்கு வருவோம். பார்ட்டியைக் கொண்டுவந்து விட்டதற்குக் கமிஷன் கேட்கிறவர்கள் உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பது முதலாளி முடிவு. உங்கள் வேலை, அந்தக் கமிஷன் பார்ட்டியின் வாடகையில் ஏறாமல் பார்த்துக்கொள்வது. அதே அறைக்கு நேராக வந்தவரிடம் ஒரு விலை, ஆட்டோவில் வந்தவரிடம் ஒரு விலை என்றால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எல்லாரும் வாடகையைத்தான் முதலில் பேசிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது: வாடகையைச் சொல்வது

கவுண்டரில் நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை வாடகை கூடுதல் என்பதற்காக வருவதில்லை. முதலில் ஒன்று சொல்லி, கடைசியில் வேறு கேட்டதால் வருகிறவை. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வாடகையைச் சொல்லும்போது வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12 ஆக இருந்தது. பழைய பில்லை வைத்துக்கொண்டு "போன தடவை வேற மாதிரி போட்டீங்களே" என்று கேட்கிறவருக்கு இதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சின்ன லாட்ஜில் வேலை செய்கிறீர்கள் என்றால் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 800 ரூபாய் அறை என்றால் "எல்லாம் சேர்த்து 840" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி எண்ணைத்தான் அவர் தன் செலவுக் கணக்கில் எழுதுவார்.

அடுத்தது நேரம். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்கிற கணக்கா? நமக்கு இது பழகிய விஷயம். விடியற்காலை நான்கு மணிக்கு வந்து இறங்கியவருக்குத் தெரியாது. 12 மணிக் கணக்கு உள்ள லாட்ஜில் அவர் எட்டு மணி நேரத்திலேயே ஒரு நாள் வாடகையை முடித்துவிடுவார். இதைச் சாவி கொடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் சிலர் வேறு லாட்ஜுக்குப் போவார்கள். போகட்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் அன்று மதியமே கவுண்டரில் நின்று கத்துவார்கள், பின்னால் நிற்கிற நாலு பார்ட்டி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, கூடுதல் செலவுகள். கூடுதல் மெத்தை, காஸ் அடுப்பு, பாத்திர வாடகை, ஏ.சி., துணி துவைப்பது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். எண்களை எல்லாரும் படிப்பார்கள். நாங்கள் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். வங்காளத்தில் எழுதித் தந்தது எங்களிடம் மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு பள்ளி ஆசிரியர். அதற்கு முன்னால் நாங்களே எழுதி ஒட்டியிருந்த வங்காளப் போர்டைப் பார்த்து அவர் எத்தனை நாள் சிரித்துக்கொண்டு திரிந்தாரோ தெரியாது.

அட்வான்ஸ் வாங்கினால் ரசீது. ஐநூறு ரூபாய் என்றாலும் ரசீது. பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் குடும்பம் கடன் கொடுத்த சொந்தக்காரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். நீங்கள் தரும் பில் அங்கேயும் போகும்.

பேரம் பேசுவார்களா? பேசுவார்கள். குறைக்க அதிகாரம் இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் "எனக்கு அனுமதி இல்லை, மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிக் கேட்டும் வாருங்கள். கேட்கப் போவதுபோல உள்ளே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து "முடியாதாம்" என்று சொல்கிற வித்தை இந்தத் தெருவில் பழையது. வாடிக்கையாளர்களுக்கும் அது தெரியும்.

நான்காவது: பதிவேடு

பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், அடையாள அட்டை. ஆதார் நகல் கேட்கும்போது, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், முழு எண் வேண்டும் என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா இரண்டையும் பார்த்து, வந்த 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் விவரத்தை ஏற்ற வேண்டும். கவுண்டர்களில் இதை இன்றும் "சி பாரம்" என்றுதான் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை, நெட் இல்லை, ஷிப்ட் முடிந்துவிட்டது என்பதெல்லாம் இதில் செல்லாது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளவும் கூடாது. நகல் எடுத்தவுடன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதிவேட்டைக் கவுண்டர் மேல் விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் பலருக்கு உண்டு. அடுத்து வருகிறவர் முந்தைய பத்துப் பேரின் போன் நம்பரையும் படித்துவிட்டுப் போவார். நம்பி ஒருவர் தந்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குத் தேவையில்லாமல் வேறு ஒருவருக்குக் கொடுப்பதும் அதே நுகர்வோர் சட்டத்தில் தப்புதான். "203ல இருக்கிற பார்ட்டிக்கு என்ன வியாதி?" என்று பக்கத்து மருந்துக்கடைப் பையன் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உண்மையிலேயே தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. எதற்காக வந்தீர்கள் என்று பார்ட்டியிடம் கேட்கவே வேண்டாம். மாடிப்படி ஏற முடியுமா, வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமா, இந்த இரண்டும் போதும். அதற்கான பதிலை வைத்து அறையை முடிவு செய்துவிடலாம்.

தங்கியிருக்கும் நாட்கள்

இங்கே தங்குவது ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. வாரங்கள், சில சமயம் மாதங்கள். எனவே சமையல். நம் இட்லியும் சாம்பாரும் மூன்று நாளில் அவர்களுக்கு அலுத்துவிடும். காந்தி ரோட்டில் வங்காளச் சாப்பாடு போடும் மெஸ்கள் இருக்கின்றன. ஆனாலும் நோயாளிக்குப் பத்தியம், காசும் மிச்சம், அதனால் அறையிலேயே சோறு வடித்து ரூய் மீனைக் கடுகெண்ணெயில் பொரிப்பார்கள். அந்த நெடி புதிதாக வருகிற ரூம் பாய்க்கு மூக்கில் ஏறும். மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் முன்னால் நடக்காதீர்கள். நாம் கருவாடு வறுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? சமைக்க அனுமதி இல்லாத மாடி என்றால் அதை அறை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மீன் பொரிந்துகொண்டிருக்கும்போது போய்ச் சொல்வது சரியில்லை.

படுக்கை விரிப்பில் ரத்தக் கறை இருக்கும், மருந்துக் கறை இருக்கும். ஓட்டல் பள்ளியில் இதற்கு அபராதம் போடச் சொல்லித்தரலாம். நாங்கள் போடுவதில்லை. பழைய விரிப்புகளைத் தனியாக வைத்திருக்கிறோம். ஆபரேஷன் முடிந்து திரும்பும் அறைக்கு அவற்றை இரண்டாகக் கொடுப்போம். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், தனியாக ஊறவையுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

புகார் வந்தால் என்ன செய்வது? முதலில் முழுவதும் கேளுங்கள். நடுவில் "அது வந்து சார்" என்று நுழையாதீர்கள். அப்புறம் நோட்டில் எழுதுங்கள், அவர் கண் முன்னால் எழுதுங்கள். எத்தனை மணிக்குள் சரியாகும் என்று ஒரு நேரம் சொல்லுங்கள். அந்த நேரம் வரும்போது வேலை முடியவில்லை என்றாலும் கதவைத் தட்டி "இன்னும் முடியலை, பிளம்பர் வந்துக்கினு இருக்கார், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை புதியவர்கள் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். வேலை முடியாததால் பார்ட்டியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறார்கள். மோட்டார் கெட்டுத் தண்ணீர் நின்ற ஒரு நாள், எங்கள் பையன் ஒருவன் மாடி மாடியாக ஏறி மணிக்கு ஒரு தடவை நிலவரம் சொன்னான். தண்ணீர் லாரி வந்தது சாயங்காலம். அன்று யாரும் கத்தவில்லை. ஒரு பாட்டி அவனுக்கு முரியும் (நம்ம ஊர் அரிசிப் பொரி) வெங்காயமும் கலந்து கொடுத்தார்.

வாயைத் திறக்கக் கூடாத இடங்கள்

எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற ஆட்கள் வாசலில் நின்றால் உள்ளே விடாதீர்கள், அவர்களுடைய விசிட்டிங் கார்டு கவுண்டரில் கிடக்கவே கூடாது. வங்கதேசப் பணமான டாக்காவை மாற்றித் தரச் சொன்னால், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்று நிலையத்துக்கு வழி காட்டுங்கள். கவுண்டரில் மாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து "இதுல என்ன எழுதியிருக்கு" என்று கேட்டால், இங்கிலீஷ் தெரிந்தாலும் படித்துச் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

ஒன்றில் மட்டும் தாராளமாக உதவலாம். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று இருக்கிறதா, பாருங்கள். ஊருக்குள் இருக்கும் பழைய வளாகம் ஒன்று, ராணிப்பேட்டை வளாகம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். காலை ஏழு மணிக்குத் தப்பான வாசலில் போய் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரியே சீட்டைப் பார்த்துச் சொன்னால் ஒரு நாள் மிச்சம்.

நாள் தள்ளிப்போகும்போது

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். கவுண்டருக்கு வந்து இரண்டாவது வருடம், வேறொரு லாட்ஜில் இருந்தேன். தன்பாத் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, ஒரு வாரத்துக்கு அறை எடுத்திருந்தார்கள். ஏழாம் நாளிலிருந்து அந்த அறையை வேறு குடும்பத்துக்கு என்று முன்பே போனில் உறுதி செய்துவிட்டேன். ஆறாம் நாள் இரவு, ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது, இன்னும் ஐந்து நாள் வேண்டும் என்று வந்து நின்றார்கள். வேறு அறை இல்லை. விதி விதிதானே என்று நானும் விறைப்பாக நின்றேன். மறுநாள் காலை அந்த அம்மா அடுப்பையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியபோது அவர் கணவர் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போயிருந்தார். பெட்டியைத் தூக்கிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

விதிப்படி நான் செய்தது தப்பில்லை என்று மேனேஜர் சொன்னார். ஆனால் ஐந்தாம் நாளே அறையைத் தட்டி "நாளை மறுநாள் காலி செய்வீர்களா, தள்ளிப்போக வாய்ப்பு உண்டா?" என்று நான் கேட்டிருக்கலாம். இப்போது எங்கள் கவுண்டரில் அது கட்டாயம். காலி செய்யும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒவ்வோர் அறையையும் கேட்டுக் குறித்துவிட வேண்டும். மருத்துவத்துக்கு வந்தவர் தேதி எப்போதும் பென்சிலில் எழுதிய தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவருக்கு அறையை உறுதி செய்யும்போதும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பணம்

யூ.பி.ஐ.யில் பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்; நம் கணக்கில் ஏறியதா, ஸ்பீக்கர் சொன்னதா என்று பாருங்கள். அவர் கணக்கில் கழிந்து நமக்கு வரவில்லை என்றால் உடனே இன்னொரு முறை கட்டு என்று நெருக்காதீர்கள். கடைக்காரருக்குக் கட்டிய பணம் இப்படி நடுவில் நின்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நம்பரைக் குறித்துக்கொண்டு சாயங்காலம்வரை பொறுக்கலாம். ஊரிலிருந்து மகன் பணம் போடுவான், அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் வராந்தாவில் வைத்துக் கணக்குப் பேசாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.

காலி செய்கிற நாள்

குணமாகிப் போகிறவர்கள் தாங்களே ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவார்கள், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. அறையைச் சோதிக்கிறேன் என்று பார்ட்டியை வாசலில் நிறுத்திவைத்து டம்ளர் எண்ணாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு மாதிரி நாளும் வரும். போனவர் திரும்ப மாட்டார். மனைவியோ மகனோ மட்டும் அறைக்கு வருவார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை நாங்கள் வரிசையாக வைத்திருக்கிறோம். கவுண்டரில் அவரை நிறுத்தக் கூடாது. நேராக அறைக்கு, கூட ஒரு பெண் ஊழியர். கணக்கை மேனேஜர் தனியாகப் போடுவார், அன்றைய நாள் வாடகை இல்லை. மீதி அட்வான்ஸ் எவ்வளவோ அதை ரொக்கமாகக் கவரில் வைத்து, பில்லோடு, கூட இருக்கிற உறவினர் கையில் கொடுப்போம். ரொக்கம் ஏன் என்றால் ஆம்புலன்ஸ், சென்னை விமான நிலையம், சாப்பாடு என்று அந்த நேரத்தில் கையில் காசு தேவைப்படும். சாமான்களை அவர்களையே கட்ட விடாதீர்கள். கேட்டுக்கொண்டு நீங்கள் கட்டிக் கொடுங்கள். மருந்துப் பாட்டில்களை என்ன செய்வது என்று மட்டும் கேளுங்கள். சிலர் எடுத்துப்போவார்கள், சிலரால் பார்க்கவே முடியாது. ஆறுதல் வார்த்தை தெரியவில்லை என்றால் பேசாமல் இருங்கள். மொழி தெரியாத ஊரில் யாரும் உங்களிடமிருந்து வார்த்தை எதிர்பார்க்கவில்லை.

உங்கள் பக்கம்

எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். நாற்காலி இல்லையென்றால் கேளுங்கள். ஆனால் பார்ட்டி வந்ததும் எழுந்து பேசுவது நல்லது, அது சட்டம் சொன்னதற்காக இல்லை.

யாராவது கெட்ட வார்த்தையில் திட்டினால் பதிலுக்குத் திட்டவும் வேண்டாம், நின்று வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். "மேனேஜரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். பெண் ஊழியர்களை இரவு ஷிப்டில் தனியாக நிறுத்தும் லாட்ஜில் வேலைக்குச் சேராதீர்கள்; இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

லீவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். குடியாத்தம் பிள்ளைகள் எல்லாரும் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயே தீருவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முந்தைய நாள் சாயங்காலம்தான் வந்து தலையைச் சொறிவார்கள். வாடிக்கையாளரிடம் முன்கூட்டிச் சொல் என்று நாள் முழுக்கக் கத்துகிறேன், மேனேஜரிடம் சொல்ல மட்டும் மறந்துபோகிறது!

ஷிப்ட் மாற்றும் நோட்டு

கடைசியாக, இதைத் தவறவிடாதீர்கள். ஷிப்ட் முடிந்ததும் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: எந்த அறையில் என்ன புகார், யாருக்கு எத்தனை மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறது, யார் பாக்கி, யாரை எழுப்ப வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு நீங்கள் போகலாம்.

அதே நோட்டின் பின்பக்கத்தில் எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரிவியூவுக்கு வருகிறவர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரே வரி. ஒருவருக்குக் கீழ்த்தளம் வேண்டும். ஒருவருக்கு ஜன்னல் திறக்கிற அறை. அகர்தலாவிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய அடுப்பு, சின்ன அடுப்பு கொடுத்தால் சோறு வேகவில்லை என்று அந்த அம்மா கோபித்துக்கொள்வார். அடுத்த முறை அவர்கள் காட்பாடியில் இறங்கியதாகப் போன் வரும்போது நீங்கள் கவுண்டரில் இருந்தால், முதலில் அந்த அடுப்பை எடுத்து அறையில் வைத்துவிட்டு அப்புறம் சாவியைத் தேடுங்கள்.